கேள்வி – பதில்: படுத்தபடி வேலை செய்யும் ஷாக்

பனி உருகத் தொடங்கியதும் எல்லோரும் கொட்டகையில் கிடக்கும், காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் பழைய வீட்டு டிரெய்லரின் தார்ப்பாயை உருவிப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறீர்கள் போலிருக்கிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து ஒரே சங்கதியை, அதாவது டிரெய்லரின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சர்பரை (சுருக்கமாக ஷாக்), சுற்றியே இருந்ததால், கார் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கார் வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அண்ணா, போன அக்டோபரில் ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் நின்றுகொண்டிருந்த ஏர்ஸ்ட்ரீம் கம்பெனியின் 1972 ஓவர்லேண்டர் டிரெய்லரை வாங்கினேன். 27 அடி, இரண்டு ஆக்ஸில், நான்கு சக்கரம். சக்கரத்துக்கு ஒரு ஷாக் அப்சர்பர் இருக்க வேண்டும், ஆனால் மூன்றுதான் இருக்கின்றன, அதிலும் இரண்டு எண்ணெய் கக்கிக் கறுத்துப்போயிருக்கின்றன. ஆட்டோ பார்ட்ஸ் கடைக்குப் போனால் வருடம், கம்பெனி, மாடல் கேட்கிறார்கள், சொன்னால் கம்ப்யூட்டரில் அப்படி ஒரு வண்டியே இல்லை என்கிறார்கள். இவ்வளவு பழைய டிரெய்லருக்கு ஷாக்கை எங்கே போய்த் தேடுவது? நீளம் பொருந்துகிற ஏதாவது ஒரு பிக்கப் டிரக் ஷாக்கை மாட்டிவிடலாமா? – வாசகர், ஆஸ்டின், டெக்சஸ்

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். என்னிடம் இருப்பது 1967 ஏர்ஸ்ட்ரீம் கேரவெல், 17 அடி, ஒற்றை ஆக்ஸில். வாங்கிய புதிதில் பழைய ஷாக்கைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு போய், ஒரு கடையில் அதே நீளம், அதே வளையம் உள்ளதாக இரண்டு பொறுக்கி எடுத்தேன், விலையும் மலிவு, பெருமையாக மாட்டினேன். முதல் பயணத்திலேயே ரயில்வே கேட்டைத் தாண்டும்போதெல்லாம் பின்னால் "தொம் தொம்" என்று ஒரு சத்தம். போட்ட ஷாக்கைக் கழற்றி மேஜைமேல் படுக்கவைத்து அமுக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. முதல் ஓர் அங்குலம் வெண்ணெயில் கத்தி போவதுபோல் வழுக்கிக்கொண்டு போனது, அதற்கப்புறம்தான் பிடித்தது. அதையே நிமிர்த்திப் பிடித்து நாலு தடவை இழுத்து அமுக்கினால் ஆரம்பத்திலிருந்தே கெட்டியாகப் பிடிக்கிறது. மறுபடி படுக்கவைத்து இரண்டு மூன்று தடவை ஆட்டினால் மறுபடி வழுக்கல்.

காரணம் உள்ளே இருக்கிறது. சாதாரண கார் ஷாக்கில் குழாய்க்குள் ஒரு குழாய். உள்குழாய் முழுக்க எண்ணெய், அதில்தான் பிஸ்டன் ஓடுகிறது. வெளிக்குழாயில் பாதி எண்ணெய், அதன்மேல் காற்று. இரண்டுக்கும் நடுவே அடியில் ஒரு வால்வு. ஷாக் நிமிர்ந்து நிற்கும்வரை காற்று மேலேயே இருக்கும், அடி வால்வு எண்ணெயில் மூழ்கியே கிடக்கும். படுக்கவைத்தால் எண்ணெய் ஒருபக்கமாகப் பரவி, வால்வு காற்றை உறிஞ்சி உள்ளே அனுப்புகிறது. எண்ணெயை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம், அதுதான் அந்த வழுக்கல். ஏர்ஸ்ட்ரீமில் ஷாக் கிட்டத்தட்ட தரைக்கு இணையாகப் படுத்துக்கிடக்கிறது. அடியில் குனிந்து பார்த்திருப்பீர்கள், சக்கரத்தைத் தாங்கும் ஆக்ஸில் கைக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்கும் நடுவே சாய்ந்துகூட இல்லை, படுத்தே இருக்கும். அதனால் அதற்கென்றே படுக்கை நிலையில் வேலை செய்யும்படி செய்த ஷாக்தான் வேண்டும். அப்படிச் செய்ததில் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று அடையாளம் போட்டிருந்தால் அதை மதியுங்கள், தலைகீழாக மாட்டினால் வாங்கிய காசு தண்டம். இன்னொரு வழி ஒற்றைக்குழாய் கேஸ் ஷாக். அதில் எண்ணெயையும் வாயுவையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்துவைத்திருப்பதால் எப்படிப் போட்டாலும் வேலை செய்யும். ஆனால் அளவும் கெட்டித்தன்மையும் டிரெய்லருக்குச் சரியாக அமைய வேண்டும், அது தனித் தலைவலி.

சரி, எங்கே தேடுவது. உங்களுக்கு அதிர்ஷ்டம் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்து டிரெய்லர் கம்பெனிகளில் பாதிக்குமேல் மண்ணோடு மண்ணாகிவிட்டன, ஆனால் ஏர்ஸ்ட்ரீம் 1952இல் தொழிற்சாலை திறந்த அதே ஓஹாயோ ஜாக்சன் சென்டரில் இன்றும் டிரெய்லர் செய்துகொண்டிருக்கிறது, இன்றைய வண்டிகளிலும் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் வைத்த ஆக்ஸிலோடு ஷாக் இருக்கிறது. அதனால் ஆட்டோ பார்ட்ஸ் கடையை விட்டுவிட்டு ஏர்ஸ்ட்ரீம் டீலரின் ஸ்பேர் கவுண்டருக்குப் போங்கள், அல்லது பழைய ஏர்ஸ்ட்ரீம் சாமான் மட்டுமே விற்கும் கடைகளைக் கேளுங்கள். போகும்போது வருடத்தையும் மாடலையும் மட்டும் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள், அளவோடு போங்கள். 50 வருடத்தில் அந்த வண்டிக்கு யார் என்ன மாட்டினார்கள் என்று யாருக்குத் தெரியும்? வண்டி தன் எடையில் நிற்கும்போது ஒரு முனைத் துளையின் நடுவிலிருந்து மறுமுனைத் துளையின் நடு வரைக்கும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். சேசிஸை ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரம் முழுக்கத் தொங்கும்போது இன்னொரு தடவை. அப்புறம் கழற்றிய ஷாக்கை முழுக்க அமுக்கினால் எவ்வளவு, முழுக்க இழுத்தால் எவ்வளவு, வளையத்துக்குள் இருக்கும் ரப்பர் உறையான புஷ்ஷின் உள்விட்டம், அது உட்காரும் தண்டின் பருமன். வாங்கப்போகும் ஷாக் வண்டி நிற்கும் நிலையில் ஏறக்குறைய நடுவில் இருக்க வேண்டும், சக்கரம் தொங்கும்போது ஷாக் முழுசாக இழுபட்டு அதுவே பாரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது, பெரிய பள்ளத்தில் முழுசாக அமுங்கி முட்டவும் கூடாது. அளவு சொன்னால் கவுண்டரில் இருப்பவருக்கும் உங்களிடம் ஒரு மரியாதை வரும், அது தனி லாபம்.

1955இல் தொடங்கிய வாலி பயாம் கேரவன் கிளப் என்ற ஏர்ஸ்ட்ரீம்காரர்கள் சங்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. உங்கள் வட்டாரத்துக் கிளையில் நாலு பேரைப் பிடித்தால், அவர்களில் ஒருவராவது இந்த ஷாக்கை மாற்றியிருப்பார், எந்த எண் பொருந்தியது என்று நோட்டில் எழுதியும் வைத்திருப்பார். ஒரே ஒரு எச்சரிக்கை: "பிரிக்காத டப்பா, அந்தக் காலத்து அசல் சரக்கு" என்று யாராவது 1970களின் ஷாக்கை நீட்டினால் மயங்கிவிடாதீர்கள். டப்பாவுக்குள் இருந்தாலும் சீலுக்கும் ரப்பருக்கும் வயது ஏறத்தான் செய்யும். அலமாரியில் அழகாக இருக்கும், ஆக்ஸிலில் ஒரு மாதம் தாங்கினால் பெரிய விஷயம்.

இவ்வளவும் சொன்னேன், ஆனால் ஷாக்குக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஷாக்கைவிட ஆக்ஸில்மேல்தான் சந்தேகம் வந்தது. 1960களின் தொடக்கத்தில் ஏர்ஸ்ட்ரீம் பட்டை ஸ்பிரிங்கை விட்டுவிட்டு டூரா-டார்க் என்ற ரப்பர் ஆக்ஸிலுக்கு மாறியது. வெளியே ஒரு குழாய், உள்ளே ஒரு தண்டு, இரண்டுக்கும் நடுவே இறுக்கி அடைத்த ரப்பர் உருளைகள். சக்கரம் மேலே ஏறும்போது தண்டு திரும்பி ரப்பரைப் பிசையும், அதுதான் ஸ்பிரிங். இந்தச் சாதி ஆக்ஸில்களுக்குள் ரப்பரை உறையவைத்துச் சுருக்கித்தான் நுழைப்பார்கள், அதனால் வீட்டிலோ பட்டறையிலோ ரப்பரை மட்டும் மாற்றுவது நடக்காத காரியம். அந்த ரப்பருக்கு 25, 30 வருடம் ஆயுள் என்பார்கள். பண்ணையில் சும்மா நின்ற வண்டிதானே என்று நினைக்காதீர்கள், நிற்கும்போது ரப்பர் ஒரே பக்கம் அமுங்கியே கிடக்கிறது.

பார்ப்பது சுலபம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டார்ச் அடித்து, ஆக்ஸில் குழாயின் நடுமையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், சக்கரத்தின் நடுமையம் எவ்வளவு உயரம் என்று இரண்டையும் அளந்து பாருங்கள். குழாயிலிருந்து பின்னோக்கிப் போகும் கை கீழ்நோக்கிச் சாய்ந்து, சக்கர மையம் குழாயைவிடத் தாழ்வாக இருந்தால் உயிர் இருக்கிறது. இரண்டும் ஒரே மட்டமாகவோ, சக்கர மையம் மேலேயோ இருந்தால் ஆக்ஸில் முடிந்தது. சந்தேகமாக இருந்தால் சேசிஸைத் தூக்கிப் பாருங்கள், டயர் தரையை விடுவதற்கு முன் கை நன்றாகக் கீழே இறங்க வேண்டும், சேசிஸோடு சேர்ந்து சக்கரமும் அப்படியே எழுந்தால் ரப்பர் கல்லாகிவிட்டது என்று அர்த்தம். அசையாத ஆக்ஸிலுக்குப் புது ஷாக் போடுவது, பூட்டிய வீட்டுக்குக் காவல்காரன் வைப்பது மாதிரி. ஷாக் அசைந்தால்தானே அது எதையாவது அடக்கும்?

ஆக்ஸில் போயிருந்தால் செலவு பல மடங்கு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். புது ஆக்ஸில் ஆர்டர் கொடுக்கும்போது எடை தாங்கும் அளவு, கையின் தொடக்கக் கோணம், சேசிஸ் அகலம், சக்கரத்துக்குச் சக்கரம் அகலம் எல்லாம் கேட்பார்கள். கோணம் கீழ்நோக்கி 22.5 டிகிரி என்பதுதான் பழைய ஏர்ஸ்ட்ரீமுக்கு வழக்கம். எடைக்குக் குத்துமதிப்பு வேண்டாம், சாமான் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடையில் ஒருமுறை ஏற்றிவிடுங்கள். அப்புறம் மறக்கவே கூடாதது ஒன்று, ஷாக் மாட்டும் பிராக்கெட்டை ஆக்ஸிலோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள். வந்தபிறகு "அட, பிராக்கெட் இல்லையே" என்று உள்ளூர்ப் பட்டறையில் குழாய்மேல் வெல்டிங் வைத்தால், உள்ளே இருக்கும் புது ரப்பர் அன்றைக்கே வெந்துவிடும். புது ஆக்ஸில் வந்ததும் வண்டி சில அங்குலம் உயரும், இழுக்கும் வண்டியோடு மாட்டும் ஹிட்சையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: நானும் என் கணவரும் வீட்டு வாசலிலேயே எங்கள் பழைய ஏர்ஸ்ட்ரீமின் ஷாக்கை மாற்றிக்கொண்டிருக்கிறோம். புது ஷாக் வந்துவிட்டது, பழையதைக் கழற்ற முடியவில்லை. பனிக்கு உப்புத் தூவும் மிச்சிகன் ரோட்டில் ஓடி நட்டு தண்டோடு ஒன்றாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் நெருப்பு கக்கும் கேஸ் டார்ச் வைத்துச் சூடு காட்டினால் கழன்றுவிடும் என்கிறார். காட்டலாமா? – வாசகி, ஆன் ஆர்பர், மிச்சிகன்

பதில்: பக்கத்து வீட்டுக்காரரை டார்ச்சோடு சேர்த்து உள்ளே அனுப்பிவிடுங்கள், அம்மா. மூடிய குழாய்க்குள் எண்ணெய், பக்கத்திலேயே ரப்பர் புஷ், கைக்கெட்டும் தூரத்தில் ஆக்ஸில் ரப்பர், அதற்குமேல் ஏர்ஸ்ட்ரீமின் அடிவயிற்றில் அலுமினியத் தகட்டுக்குள் அடைத்துவைத்த பஞ்சு, அதில் 40 வருடமாக எலிகள் குடும்பம் நடத்திச் சேர்த்த காய்ந்த புல். இத்தனைக்கும் நடுவில் நெருப்பா?

துரு இளக்கும் எண்ணெயை இன்று இரவு அடியுங்கள், நாளைக் காலை ஒருமுறை, நாளை இரவு ஒருமுறை. கம்பி பிரஷ்ஷால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் துருவின் மேலேயே நின்றுவிடும். ஸ்பேனர் போட்டதும் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி திருப்புங்கள், "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டால் பாதி ஜெயித்தாயிற்று, அப்புறம் கழற்றும் பக்கம். அதற்கும் அசையாவிட்டால் கிரைண்டர். ஆனால் தண்டைக் காப்பாற்ற வேண்டும், அது சேசிஸின் உடம்பு. நட்டின் ஒரு பக்கத்தைத் தண்டுக்கு இணையாக, மரையைத் தொடும் நூலளவுக்கு முன்னால் நிறுத்தி வெட்டுங்கள், பிறகு உளி வைத்து ஒரு தட்டு, நட்டு பிளந்துகொள்ளும். ஷாக்கின் உடம்பில் மட்டும் வட்டு படக் கூடாது, கேஸ் ஷாக்காக இருந்தால் உள்ளே அழுத்தம் இருக்கும்.

ஜாக்கியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆக்ஸில் குழாயின் அடியில் ஜாக்கி வைக்கக் கூடாது. சேசிஸில் வைத்துத் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, மறுபக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, இழுக்கும் வண்டியோடு மாட்டியே வைத்துவிட்டு அப்புறம் அடியில் போங்கள். புது ஷாக்கை மாட்டியதும் கடைசி இறுக்கு வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போது இருக்கட்டும். தொங்கும் நிலையிலேயே முறுக்கினால் புஷ் ரப்பர் நிரந்தரமாகத் திருகிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துபோகும்.

கேள்வி: என்னுடையது 1964 ஷாஸ்டா டிரெய்லர், 16 அடி, பின்னால் அந்தச் சின்ன இறக்கைகள் உள்ளது. அடியில் எவ்வளவு தேடினாலும் ஷாக்கே காணோம். யாரோ கழற்றி விற்றுவிட்டார்களா? – வாசகர், போர்ட்லண்ட், ஓரிகன்

பதில்: யாரும் திருடவில்லை. பட்டை ஸ்பிரிங் வைத்த அந்தக் காலத்து டிரெய்லர்களில் பெரும்பாலானவை ஷாக் இல்லாமலேயே வந்தவை. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உரசுவதே ஓரளவுக்கு ஆட்டத்தை அடக்கிவிடும் என்பது கணக்கு. பட்டைக்கு மாட்டும் ஷாக் கிட்டுகள் கிடைக்கின்றன, மாட்டினால் வித்தியாசம் தெரியும். ஆனால் முதலில் ஸ்பிரிங் முனை வளையத்தில் இருக்கும் புஷ், அதைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிள் தகடுகளின் துளை, போல்ட்டு மூன்றையும் பாருங்கள். வட்டத் துளை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தால் உங்கள் குலுக்கல் அங்கிருந்துதான். இன்னொன்று, உங்கள் ஷாஸ்டாவின் அலுமினியத்துக்கு உள்ளே மரச்சட்டம். மூலைகளில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் ஷாக் பணத்தை எடுத்து மரத்துக்கு வையுங்கள்.

கேள்வி: எவ்வளவு கெட்டியான ஷாக்கோ அவ்வளவு நல்லது என்கிறார் நண்பர். ஸ்பிரிங் சுற்றிய ஷாக் போட்டால் தாழ்ந்துபோன டிரெய்லரும் உயர்ந்துவிடுமாமே? – வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: நண்பர் உங்களை இழுத்துவிடப் பார்க்கிறார். ஷாக்கின் வேலை எடை தாங்குவது இல்லை, ஸ்பிரிங் போட்ட ஆட்டத்தை நிறுத்துவது. சுருள் ஸ்பிரிங் வைத்த ஷாக்கைப் போட்டுப் பாரத்தைத் தூக்கினால், அந்த எடை முழுவதும் ஷாக்கை மாட்டியிருக்கும் சின்னத் தண்டிலும் பிராக்கெட்டிலும் இறங்குகிறது. அவை அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை, கிழிந்துகொண்டு வரும். தாழ்ந்துபோன டிரெய்லருக்கு மேலே ஆஸ்டின் வாசகருக்குச் சொன்ன ஆக்ஸில் சோதனைதான். கெட்டித்தன்மைக்கு வந்தால், டிரெய்லரில் யாரும் உட்கார்ந்து வருவதில்லை, அதனால் உள்ளே என்ன ஆகிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. கல்லுப் போன்ற ஷாக் ஒவ்வொரு குழியையும் சுவருக்கு அனுப்பிவைக்கும். போய்ச் சேர்ந்ததும் கதவைத் திறந்து பாருங்கள், அலமாரித் திருகாணிகள் தரையில் கிடந்தால் எங்கேயோ கோளாறு என்று அர்த்தம்.

கேள்வி: ஷாக் வர மூன்று வாரம் ஆகுமாம். அதற்குள் டல்லாஸிலிருந்து ஹூஸ்டனுக்கு 1970 ஏர்ஸ்ட்ரீமைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஷாக் இல்லாமல் ஓட்டலாமா? – வாசகர், டல்லாஸ், டெக்சஸ்

பதில்: ஆக்ஸில் நல்ல நிலையில் இருந்தால் ஒருமுறை கொண்டுபோய்ச் சேர்க்கலாம். ரப்பரே கொஞ்சம் ஆட்டத்தை விழுங்கிவிடும், இன்றைக்கு ரப்பர் ஆக்ஸிலோடு வரும் வேறு பல டிரெய்லர்களில் ஷாக்கே கிடையாது. ஆனால் ஏர்ஸ்ட்ரீம் ஓடு தகடுகளைப் பிணைக்கும் ரிவெட்டில் நிற்கிற உடம்பு. ஓயாத குலுக்கல் முதலில் ரிவெட்டைத்தான் தின்னும், அதனால் அதையே வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். ஷாக்கைவிட டயரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு இலக்கம் டயர் செய்த வாரம், கடைசி இரண்டு இலக்கம் வருடம். நாலு இலக்கத்துக்குப் பதில் மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அந்த டயர் 2000க்கு முந்தியது, எடுத்த இடத்திலேயே வண்டியை விட்டுவிட்டு டயர் கடைக்குப் போங்கள். டயர் சரியாக இருந்தால் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகாமல், கனமான சாமானெல்லாம் இழுக்கும் வண்டியில் வைத்துக்கொண்டு, 50 மைலுக்கு ஒருமுறை நிறுத்திச் சக்கர மூடியை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் சுட்டால் அது பேரிங் அல்லது பிரேக், மேலே ஓட்டாதீர்கள்.